சின்னத் தொட்டியிலிருந்து பெரிய தொட்டிக்கு மீன்களைச் சாகாமல் மாற்றுவது எப்படி?

2 அடித் தொட்டியில் இருக்கும் மீன்களை வருகிற ஞாயிற்றுக்கிழமை புது 3 அடித் தொட்டிக்கு மாற்றப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். இந்நேரம் பழைய கற்கள், பில்டர், பஞ்சு எல்லாவற்றையும் குழாயடியில் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கத் திட்டம் போட்டிருப்பீர்கள். கற்களைத் தேய்ப்பதைக்கூட மன்னித்துவிடலாம். பஞ்சில் மட்டும் கை வைக்காதீர்கள்.

நான் மீன் நிபுணன் கிடையாது, ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். சென்னை வில்லிவாக்கத்தில் குடியிருந்ததால் ஞாயிறானால் கொளத்தூர் மீன் கடைகளைச் சுற்றும் பழக்கம் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். ஆனால் ஒரே வாரத்தில் ஏழு மீனைச் சாகடித்திருக்கிறேன். அந்தத் தகுதியில்தான் எழுதுகிறேன்.

2015 கோடையில் நடந்தது. என்னிடம் இருந்தது 70 லிட்டர் பிடிக்கிற தொட்டி. அதில் 4 ஏஞ்சல், 3 கௌராமி, 2 மோலி, 1 சக்கர் (கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டும் மீன்). (அவ்வளவு தண்ணீரில் இத்தனை மீனா என்று சண்டைக்கு வருபவர்கள் பொறுங்கள். அதனால்தானே 160 லிட்டர் தொட்டி வாங்கினேன்.) ஞாயிறு காலை எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். கல்லைத் தேய்த்தேன். பில்டர் பஞ்சை மெட்ரோ வாட்டர் குழாயில் பிழிந்து பிழிந்து, வெள்ளைத் தண்ணீர் வரும்வரை அலசினேன். புதுத் தொட்டியில் புதுத் தண்ணீர், குளோரினுக்குக் கடையில் விற்கும் சொட்டு மருந்து, எல்லாம் முறைப்படி. சாயங்காலம் விளக்கைப் போட்டதும் வீடே உட்கார்ந்து டி.வி. மாதிரிப் பார்த்தது.

மூன்றாம் நாள் தண்ணீரில் பால் கலந்தாற்போல ஒரு மங்கல். ஏஞ்சல்கள் மேல்மட்டத்துக்கு வந்து செவுளை வேகவேகமாக அடித்துக்கொண்டிருந்தன. கடைக்காரர் 'ஃபங்கஸ் சார்' என்று நீல மருந்து ஒன்றைக் கொடுத்தார். ஊற்றினேன். வெள்ளிக்கிழமைக்குள் நான்கு ஏஞ்சலும் இரண்டு மோலியும் ஒரு கௌராமியும் போய்விட்டன. ஸ்கூல் விட்டு வந்த மகளிடம் மீனெல்லாம் ஊருக்குப் போயிருக்கிறது என்றேன். "எந்த பஸ்ல?" என்று கேட்டாள்.

அடுத்த ஞாயிறு கொளத்தூரில் சிமென்ட் தொட்டி கட்டி மீன் வளர்க்கும் பெரியவர் ஒருவரிடம் புலம்பினேன். அவர் மீனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"பஞ்ச எதுல தம்பி கழுவுன?"

"குழாயிலதாங்க. நல்லா வெள்ளையா வர்ற வரைக்கும்."

"உறை மோர் இருந்த கிண்ணத்தக் கழுவிக் கவுத்துட்டு, பால் ஏன் உறையலன்னு கேக்குற."

விஷயம் இதுதான். மீன் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அம்மோனியா வரும், அது மீனுக்கு விஷம். பஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வாழும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும், அது அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. இந்தக் கூட்டம் புதுத் தொட்டியில் உருவாக 4 முதல் 6 வாரம் ஆகும். நான் அதைக் குளோரின் தண்ணீரில் பிழிந்து சாக்கடையில் விட்டேன். மிச்சம் மீதி இருந்ததையும் அந்த நீல மருந்து தீர்த்திருக்கும். பிழைத்த இரண்டு கௌராமியும் சக்கரும் மேலே வந்து வாயால் காற்றை விழுங்கிச் சமாளிக்கக்கூடிய ஜாதி.

2019-ல் மறுபடி மாற்ற வேண்டி வந்தது, இந்த முறை வீட்டோடு. 'தொட்டி கனத்துக்குத் தரை விரிசல் விடும்' என்று வீட்டு ஓனர் ஆரம்பித்தார். தரைத்தளம் ஐயா அது! அதோடு போகவில்லை. காலி செய்யும்போது பத்து மாத அட்வான்ஸில் பெயின்ட், ஆணி ஓட்டை, பாத்ரூம் கறை என்று கழித்துக்கொண்டே வந்தார். மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று வாடகைச் சட்டம் சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் செல்லும் என்று அதே சட்டம் ஒரு கதவைத் திறந்தும் வைத்திருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். சரி, மீனுக்கு வருவோம்.

அந்த முறை ஒன்பது மீன். ஒன்றும் சாகவில்லை. முதலில் பழைய தண்ணீரை இரண்டு வாளியில் பிடித்தேன். ஒன்றில் பில்டர் பஞ்சை அப்படியே, பிழியாமல், காயாமல் முக்கி வைத்தேன். தொட்டியில் தண்ணீர் கால்வாசிக்கு இறங்கிய பிறகுதான் மீனைப் பிடித்தேன். நிறையத் தண்ணீரில் நெட்டோடு துரத்தினால் மேலிருக்கும் வழவழப்பு போய்விடும், அதுதான் அதற்குத் தோல் மாதிரி காவல். சக்கரை நெட்டில் பிடிக்கவே பிடிக்காதீர்கள், துடுப்பு முள் வலையில் சிக்கினால் கத்தரிக்கோல் எடுக்க வேண்டியதுதான். பிரியாணி டப்பாவைக் கண்ணாடியோரம் சாய்த்துக் கையால் மெல்ல ஒதுக்கினேன், தானாக உள்ளே போனது.

உங்களுக்கு வீடு மாறும் வேலை இல்லை, இன்னும் சுலபம். புதுத் தொட்டியில் பழைய தண்ணீர் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு, மிச்சத்துக்குக் குளோரின் போன புதுத் தண்ணீர். பழைய பில்டரைப் புது பில்டரோடு சேர்த்து ஒரு மாதம் ஓடவிடுங்கள். அசிங்கமாகத்தான் இருக்கும், இருக்கட்டும். பழைய தண்ணீரில்தான் பாக்டீரியா இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். தண்ணீரில் அது சொற்பம், பஞ்சில்தான் குடும்பம் நடத்துகிறது. பழைய தண்ணீர் எதற்கென்றால் மீனுக்குத் திடீர் மாற்றம் தெரியாமல் இருக்கத்தான்.

மெட்ரோ வாட்டரில் வளர்ந்த மீனை போர் தண்ணீருக்கு மாற்றுவதாக இருந்தால் அவசரப்படாதீர்கள். என் பழைய வீட்டில் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 350, புது வீட்டு போரில் 1200. மீன்களை வாளியில் வைத்து, ஏர் டியூபில் ஒரு முடிச்சுப் போட்டு, நொடிக்கு இரண்டு மூன்று சொட்டாகப் புதுத் தண்ணீரை இறக்கினேன். வாளித் தண்ணீர் இரண்டு மடங்காகும்வரை பொறுத்திருந்தேன். போர் தண்ணீரில் பி.ஹெச். (அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) கூடுதலாக இருந்தால் இன்னொரு வம்பு: 7-லிருந்து 8-க்கு ஏறினால் அம்மோனியாவில் விஷமாகிற பங்கு ஏறக்குறைய 10 மடங்காகும்.

கடையிலிருந்து பல மணி நேரம் கவரில் வந்த மீனுக்கு இந்தச் சொட்டு வைத்தியம் வேண்டாம். கவரைத் திறந்ததும் உள்ளே தேங்கிய கரியமிலவாயு வெளியேறி பி.ஹெச். ஏறும், கவரில் சேர்ந்திருக்கும் அம்மோனியா அப்போதுதான் பல்லைக் காட்டும். மூடிய கவரை 15, 20 நிமிடம் மிதக்கவிட்டு, திறந்து, மீனை மட்டும் எடுத்து விடுங்கள். கவர் தண்ணீர் சிங்க்கில். இதற்கு மாற்றுக் கருத்து உண்டு, தெரியும். எனக்குப் பலித்ததைச் சொல்கிறேன். கடல் மீன் வைத்திருப்பவர்கள் இந்தப் பதிலை விட்டுவிடுங்கள், அது வேறு உலகம்.

விட்ட அன்று விளக்கு போடாதீர்கள். முதல் வாரம் பாதித் தீனி, இரண்டு நாளுக்கொரு முறை கால்வாசித் தண்ணீர் மாற்றம். என் சக்கர் இரண்டு நாள் பில்டருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வெளியே வரவில்லை. செத்துவிட்டதென்றே முடிவு கட்டியிருந்தேன். மூன்றாம் நாள் ராத்திரி கண்ணாடியில் கரகரவென்று சுரண்டும் சத்தம் கேட்டுத்தான் தூங்கினேன்.

ஞாயிறு மாற்றுகிறீர்கள் என்றால் சனிக்கிழமை தீனி போடாதீர்கள். நீங்கள் பக்கத்தில் போகும்போதெல்லாம் கண்ணாடிக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், பாவமாக இருக்கும். போடாதீர்கள்.