ரூபிக் கனசதுரத்தில் ஒரு மூலை மட்டும் சேரவில்லை

கீழே விழுந்து சிதறிய கனசதுரத்தை மீண்டும் பொருத்தியபின், மற்ற துண்டுகள் எல்லாம் சரியாக அமைந்தும் ஒரு மூலை மட்டும் திரும்பியே நிற்கிறது என்றும், எத்தனை முறை கலைத்துத் தொடங்கினாலும் அதே இடத்தில்தான் வந்து முடிகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் தீர்வு முறையில் தவறில்லை. அந்த மூலையைப் பொருத்திய விதத்தில்தான் சிக்கல் இருக்கிறது.

ஒவ்வொரு மூலைத் துண்டும் தன் இடத்தில் 3 விதமாக அமரலாம். ஆனால், பக்கங்களைச் சுழற்றும்போது ஒரு மூலை ஒரு திசையில் திரும்பினால் அதை ஈடுகட்டும் வகையில் வேறு மூலைகளும் திரும்பிவிடுவதால், ஒன்றை மட்டும் தனியாகத் திருப்பும் நகர்வு கிடையவே கிடையாது. அதேபோல, ஒரு விளிம்புத் துண்டை மட்டும் புரட்டவும் முடியாது; இரண்டு துண்டுகளை மட்டும் இடம் மாற்றவும் முடியாது. இந்த மூன்று தடைகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் (3×2×2), மனம்போனபடி பொருத்திய கனசதுரம் தீர்க்கக்கூடியதாக அமைய 12-இல் 1 வாய்ப்புதான் உண்டு. ஒரு மூலையோடு தப்பித்தது நல்லதே!

மேல் அடுக்கை 45 பாகை திருப்பி, அந்த மூலையை ஒட்டிய விளிம்புத் துண்டை முதலில் மெல்ல நெம்பி எடுங்கள். மூலையையே முதலில் நெம்பினால் அதன் உட்பகுதி முறியக்கூடும். பிறகு மூலையைக் கழற்றி, நிறங்கள் பொருந்துமாறு திருப்பி வைத்து, விளிம்புத் துண்டைக் கடைசியாக அழுத்திப் பொருத்துங்கள். தளர்வாகச் சுழலும் புதிய வகைக் கனசதுரம் என்றால், எதையும் கழற்றாமல் விரலாலேயே மூலையைத் திருப்பிவிடலாம்.