பதில்: எல்லோரும் ‘போலீஸ் மேல் நம்பிக்கை இருக்கு’ என்றால் ஆய்வு தேறுமா?

காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் 120 பெண்களைக் கேட்டு, ஏறக்குறைய அத்தனை பேரும் ‘நம்பிக்கை உண்டு’ என்றே டிக் அடித்திருப்பதாகச் சொல்கிறீர்கள். கோளாறு கேள்வியில்தான்.

‘காவலர்கள் நேர்மையாகவும் பெண்களிடம் மரியாதையாகவும் நடக்கிறார்கள்’ என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்வி இருக்கிறது. தெரியாத ஆள் தாளோடு வந்தால் ‘ஆமா’ சொல்லி அனுப்புவதுதான் வசதி. கருத்தை விட்டு, நடந்ததைக் கேளுங்கள்: கடந்த 12 மாதத்தில் ஸ்டேஷன் படியேறினீர்களா? உட்காரச் சொன்னார்களா? எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்? புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது கைக்கு வந்ததா? போனவர்களையும் போகாதவர்களையும் தனித்தனி அட்டவணையில் போடுங்கள். போகாதவர் சொல்வது பெரும்பாலும் தெருவில் கேள்விப்பட்டது.

மகளிர் காவல் நிலையத்துக்குத் தனிக் கட்டம் வேண்டும். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழகத்தின் முதல் மகளிர் நிலையம் வந்தது. அங்கே போகிறவை பெரும்பாலும் குடும்பத் தகராறுகள். அதனால் ‘பெண் போலீஸ் கறார்’ என்ற பதில் அதிகாரியைப் பற்றியதா, வழக்கைப் பற்றியதா என்று தெரியாது. பிரிக்க ஒரு வழி: எல்லோருக்கும் ஒரே புகார்க் கதையைச் சொல்லுங்கள்; அதில் வரும் அதிகாரி பாதிப் பேருக்குப் பெண் எஸ்.ஐ., மீதிப் பேருக்கு ஆண் எஸ்.ஐ.; யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். குழுவுக்கு 60 பேர் என்றால், ஒன்றில் 50 சதவீதம், மற்றதில் 75 சதவீதம் மாதிரி பெரிய வித்தியாசம்தான் பிடிபடும்.

வாசலில் மாமியார் நின்றால் பேட்டியே வேண்டாம், வேறு நேரம் போங்கள். பேட்டி எடுத்தவர் ஆணா பெண்ணா என்பதையும் தாளில் எழுதுங்கள்.