புராஸ்டேட் வீக்கம்: நீராவியா, யூரோலிஃப்டா?

சிறுநீரக வார்டில் பல வருடம் தாதியாக இருந்தவள் என்பதால், கூச்சப்படாமல் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகள் இவை.

ஜூரோங், 63 வயது: அக்கா, ரெசூம் நல்லதா, யூரோலிஃப்ட் நல்லதா?

அண்ணே, உங்கள் புராஸ்டேட் சுரப்பி எத்தனை மில்லி? அதன் நடுப் பகுதியான நடு மடல் சிறுநீர்ப்பைக்குள் துருத்துகிறதா? ஸ்கேனில் முதலில் இதைப் பாருங்கள்.

யூரோலிஃப்ட், திரையை இருபக்கமும் ஒதுக்கிக் கட்டுவது போல. சிறு கொக்கிகள் சதையை இழுத்துப் பிடிக்கும். பலர் சிறுநீர் டியூப் இல்லாமலே அன்றே வீடு திரும்புவார்கள். ரெசூமில் ஊசி வழியாக ஒவ்வொரு இடத்திலும் 9 வினாடி நீராவி செலுத்துவார்கள். சதை முதலில் வீங்கும். அதனால் சில நாள் டியூபும் சிறுநீர் சேரும் பையும் உண்டு, எரிச்சலும் உண்டு. முழுப் பலன் தெரிய 3 மாதம்கூட ஆகும்.

நடு மடல் துருத்தினால் நான் ரெசூம் பக்கம்தான். 5 வருட ஆய்வுகளில் மறுபடி சிகிச்சை தேவைப்பட்டவர்கள் யூரோலிஃப்டில் சுமார் 14%, ரெசூமில் சுமார் 4%. இரண்டும் தனித்தனி ஆய்வுகள், ஆனாலும் கவனிக்க வேண்டிய வித்தியாசம்.

தெம்பனிஸ்: ஆபரேஷன் செய்தால் ஆண்மை போய்விடும் என்று வீட்டுக்காரர் பயப்படுகிறார்.

சுரண்டி எடுக்கும் டர்ப் ஆபரேஷனுக்குப் பிறகு பாதிப் பேருக்கு மேல் விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போகும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, விறைப்பு வேறு விஷயம். மேலே சொன்ன இரண்டிலும் இது அரிது. அவர் இதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லட்டும், தங்கச்சி. சொல்லாமல் வந்து பிறகு கலங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிடோக்: எனக்கு 110 மில்லி.

ஐயா, ரெசூமும் யூரோலிஃப்டும் பெரும்பாலும் 80 மில்லி வரை சோதிக்கப்பட்டவை. சதையைக் குடைந்தெடுக்கும் ஹோலெப் லேசர், நீர்த்தாரையால் சதையை அகற்றும் அக்வாப்ளேஷன், ரத்தக்குழாயை அடைக்கும் முறை என மூன்றையும் விசாரியுங்கள். முதல் இரண்டுக்கும் மயக்க மருந்து வேண்டும்.

உட்லண்ட்ஸ்: மெடிசேவ் (சிங்கப்பூரின் மருத்துவச் சேமிப்பு) பணம் கிடைக்குமா?

அங்கீகரித்த அறுவை சிகிச்சைக்கு, வரம்புக்குள் கிடைக்கும். தேதி குறிக்கும் முன்பே கேளுங்கள்.

யீஷூன்: சளி மாத்திரை போட்டதும் சிறுநீர் நின்றுவிட்டது. ஏன்?

மூக்கடைப்பு மாத்திரைகளில் உள்ள சூடோஎபிட்ரின் சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கிவிடும். ஒருவர் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தம் கேட்டபடி விடியும்வரை கழிவறையில் நின்றாராம். டியூப் போட்டதும் சிறுநீர் வடிந்து, வெளியே மாட்டிய பை நிரம்ப நிரம்ப அவர் முகம் தளர்ந்தது. நீங்கள் அப்படிக் காத்திருக்காதீர்கள், தம்பி. அடைத்தால் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.