வாசகர் கேட்கிறார்: பாடவும் பேசவும் ஓர் அலைவரிசை

கேள்வி: அமெரிக்க உள்ளூர் கேபிள் நிகழ்ச்சி ஒன்றின் பழைய பதிவைப் பார்த்தேன். மினுமினுக்கும் கோட்டு அணிந்த லவுஞ்ச் பாடகர் (ஹோட்டல், மதுக்கூடங்களில் பாடுபவர்) ஒருவர் சுருதி விலகிப் பாடுகிறார், பாட்டை நடுவில் நிறுத்திவிட்டுத் தொலைபேசியில் வந்தவரிடம் பேசுகிறார், பிறகு விட்ட அடியிலிருந்தே தொடர்கிறார். இவருக்கெல்லாம் யார் வாய்ப்புக் கொடுத்தார்கள்?

பதில்: யாரும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பப்ளிக் ஆக்சஸ் எனப்படும் இந்த அலைவரிசைகளில், பயிற்சி பெற்ற உள்ளூர்வாசி எவரும், விளம்பரம் இல்லாத நிகழ்ச்சியைப் பெரும்பாலும் முதலில் வருபவருக்கு முதலிடம் என்ற முறையில் ஒளிபரப்பலாம். நியூயார்க்கின் மன்ஹாட்டனில் 1971-இல் இது தொடங்கியது. மறு ஆண்டே, நாட்டின் 100 பெரிய தொலைக்காட்சிச் சந்தைகளில் புதிதாக வரும் கேபிள் நிறுவனங்கள் பொதுமக்களுக்கென ஓர் அலைவரிசையை ஒதுக்க வேண்டும் என்று மத்திய தகவல் தொடர்பு ஆணையம் விதித்தது. 1979-இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தாலும், 1984-ஆம் ஆண்டுக் கேபிள் சட்டம், கேபிள் நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கும் உள்ளூர் நிர்வாகங்கள் இத்தகைய அலைவரிசைகளைக் கேட்டுப் பெறலாம் என்றும், அவற்றின் உள்ளடக்கத்தில் கேபிள் நிறுவனம் தலையிடக் கூடாது என்றும் சொன்னது. நீங்கள் பார்த்த பாடகரை எந்தத் தயாரிப்பாளரும் குரல் தேர்வு வைத்துத் திருப்பி அனுப்ப முடியாததற்கு இந்த ஏற்பாடே காரணம். அதை நான் மிகப் பெரிய நன்மையாகவே கருதுகிறேன்.

கேள்வி: ஆனால் அவரைப் பார்த்துச் சிரிப்பதற்காகத்தானே பலரும் பார்க்கிறார்கள்?

பதில்: சிரிப்பவர்கள் உண்டு. நகைச்சுவைக் கலைஞர் ஆண்டி காஃப்மன் ‘டோனி கிளிஃப்டன்’ என்ற முரட்டு லவுஞ்ச் பாடகராக வேடமிட்டு மக்களைச் சீண்டியதால், இத்தகைய பாடகர் என்றாலே கேலி என்ற எண்ணமும் பரவியிருக்கலாம். காஃப்மன் போட்டது வேடம். உள்ளூர் அலைவரிசைக்கு வருபவரோ தன்னையே கொண்டுவந்து நிறுத்துகிறார்.

லவுஞ்ச் பாடகரின் தொழிலை எண்ணிப் பாருங்கள். கண்ணாடிக் குவளைகளின் ஒலிக்கும் பேச்சுச் சத்தத்துக்கும் நடுவே, தன்னைக் கவனிக்காதவர்களுக்காகப் பாட வேண்டும்; மைக் ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டு மேசை மேசையாகச் சென்று, ஒருவரின் பிறந்தநாளை விசாரித்து, மற்றொருவர் கேட்ட பாட்டைத் தொடங்கி, இரண்டு பாட்டுக்கு இடையிலான வெறுமையைப் பேச்சால் நிரப்ப வேண்டும். நேரலை நிகழ்ச்சி நடத்துபவருக்கு வேண்டிய திறமையும் அதுவே. குரல் பிசகினாலும் அழைத்தவரின் பெயரை மறக்காமல் சொல்லிப் பாடலை முடிக்கும் அந்தப் பக்குவம் பெரிய நிலையங்களின் தொகுப்பாளர்கள் பலரிடம் இல்லை.

கேள்வி: இன்றும் இவை நடக்கின்றனவா?

பதில்: மன்ஹாட்டனில் நடக்கின்றன. லாஸ் ஏஞ்சலீஸில், 2006-இல் கலிஃபோர்னியா மாநிலம் கேபிள் உரிமச் சட்டத்தை மாற்றிய பிறகு, கேபிள் நிறுவனம் நடத்திவந்த பொது ஸ்டூடியோக்கள் மூடப்பட்டன. உள்ளூர் நிர்வாகங்கள் கேபிள் வருவாயில் அதிகபட்சம் 5 சதவீதம் வரை உரிமக் கட்டணம் பெறலாம். பல ஊர்களில் இந்த நிலையங்கள் அந்தப் பணத்தை நம்பியே இருக்கின்றன. மக்கள் கேபிள் இணைப்பைத் துண்டிக்கத் துண்டிக்க அந்தத் தொகை சுருங்குகிறது. இணையத்தில் எவரும் பாடலாம் என்பது உண்மைதான். ஆனால் கேமராவும் விளக்கும் பயிற்சியும் தந்து, அதே ஊர்க்காரர்களின் வீட்டுக்குள் ஒருவரைக் கொண்டுசேர்க்கும் ஏற்பாட்டை இணையம் தரவில்லை. அதற்காகவாவது உள்ளூர் நிர்வாகங்கள் இந்த நிலையங்களுக்கு வேறு நிதி தேடித் தர வேண்டும்.