களுவாஞ்சிகுடி, கல்முனைப் பக்கம் குடியை விட்டவர்கள் கூடும் குழு ஏதும் இருக்கிறதா?

கேட்டிருப்பவர் கல்லாற்றுப் பக்கத்துத் தங்கச்சி. கணவர் பத்து நாள் ஆஸ்பத்திரி வாட்டில் இருந்துவிட்டு, டிக்கட் வெட்டி வீட்டுக்கு வந்திருக்கிறாராம். "ஒரு குழுவில சேருங்க" என்று சொல்லி அனுப்பினார்களாம், எங்கே என்று மட்டும் யாரும் சொல்லவில்லையாம். ஆறு வருசத்துக்கு முதல் எனக்கும் அதைத்தான் சொன்னார்கள், அப்படியேதான் சொன்னார்கள்.

போர்டைத் தேடாதீர்கள் தங்கச்சி. மரணச் சங்கத்துக்குப் போர்டு இருக்கும், விளையாட்டுக் கழகத்துக்கு இருக்கும், இதற்கு இருக்காது. எங்கட ஊரில் தவறணைக்குப் பட்டப்பகலில் போகிறவன், குடியை விடப் போவதை ஒளித்துத்தான் செய்வான்.

எனக்குக் குழு கிடைத்தது கிளினிக் வாங்கில். மனநலப் பிரிவுக்கு வெளியே, கிளினிக் கொப்பியை சொப்பின் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். பக்கத்தில் இருந்த அண்ணர் என் கையைப் பார்த்தார். நடுக்கம் அப்போதும் கொஞ்சம் இருந்தது. "எத்தின நாள்?" என்றார். ஏன் குடித்தாய் என்று கேட்காத முதல் ஆள் அவர்தான். "பதிமூண்டு" என்றேன். "ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு வா" என்றார்.

போனால் ஒரு பாலர் பாடசாலை விறாந்தை, சின்னப் பிள்ளைகளின் கதிரை, ஏழு பேர். ஒருவர் தன் ஊரில் தெரியக்கூடாது என்று இரண்டு பஸ் மாறி வருவார். ஒருத்தர் பேசும்போது மற்றவர்கள் வாயே திறப்பதில்லை, புத்தி சொல்வதும் இல்லை. பிளேன்டீ வரும். காசு கேட்க மாட்டார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அதற்கு முன் வேறொரு இடத்தில் என்னைக் கொண்டுபோய் விட்டு, மனைவியின் தோடு போனதுதான் மிச்சம். அங்கே காலையும் மாலையும் பிரசங்கம். முதல் நாளே பெரிய தொகை கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, யாரிடம் கேட்பது? வைத்தியரிடம் கேட்டால் வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் நடுவில் அவருக்கு நேரம் இருக்காது. அதே பிரிவில் வேலை செய்யும் தாதியிடமோ சமூக சேவகரிடமோ கேளுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை தூரமென்றால் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை, அல்லது கல்முனை வடக்கு. பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார், அவரிடம் போவதைப் பார்த்தாலும் வேறு ஏதோ அலுவல் என்றுதான் ஊர் நினைக்கும். இரவில் கைவிட்டுப் போகிற மாதிரி இருந்தால் 1926, தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்று, குடியை விட்டவர்கள் கூடும் அமைப்பைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1935இல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில் ஒரு பங்குத் தரகரும் ஒரு சத்திரசிகிச்சை வைத்தியரும் தொடங்கியது. இரண்டு பேருமே குடிகாரர்கள். குடியை விட வேண்டும் என்ற ஆசை ஒன்றே அதில் சேரத் தகுதி. பக்கத்தில் குழு இல்லாவிட்டால் தமிழ்நாட்டுக் குழுக்கள் சில ஜூமில் தமிழிலேயே கூடுகின்றன, அங்கே படத்தை மூடிவைத்துக்கொண்டு கேட்கலாம். ஆனால் என்னைக் கேட்டால், பக்கத்தில் ஒரே ஒரு ஆள் கிடைத்தாலும் அவர்தான் முதல்.

அதற்குக் காரணம் நேரம். எனக்கு வயல் மண்டூர்ப் பக்கம். பின்னேரம் பாதையில், அதுதான் வாவியைக் கடக்கும் மிதவையில், ஏறிக் குருமண்வெளியில் இறங்கினால், கால் தானாகத் திரும்பும். கால்போத்தல் ஒன்று எடுக்காமல் வீட்டுக்குப் போன நாள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் திங்கட்கிழமை ஆறு மணிக்கு என்ன செய்யும்? அந்த அண்ணர் தினமும் அந்த நேரத்துக்கு போன் எடுப்பார். "பாதையில ஏறிட்டியா?" "ஏறிட்டன்." "இறங்கினதும் மறுகா எடு." வீட்டு வாசல் வரும் வரை போனை வைக்க விடமாட்டார். நெல்லு விலை, மழை, அவருடைய மாடு. குடியைப் பற்றி ஒரு சொல் இருக்காது. இப்படி நாலு மாதம். ஆகவே உங்கள் கணவர் வழமையாக எத்தனை மணிக்குக் குடித்தாரோ, அந்த நேரத்துக்கு ஒரு ஆள் வேண்டும்.

இன்னும் இரண்டு விசயம். ஒன்று, அவர் திரும்பக் குடித்தால் (நான் மூன்று தரம் குடித்தேன்) வீட்டில் பூட்டிவைத்து ஒரேயடியாக நிறுத்தப் பார்க்காதீர்கள். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். மூன்றாம் நாளளவில் இல்லாத ஆட்களோடு பேசுவார். எனக்கு அது வந்தபோது அம்மா நூல் கட்டத்தான் கொண்டுபோனா. அது ஆளைக் கொல்லக்கூடிய வருத்தம், நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். மற்றது, யாராவது, குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்பிரம் குளிசையைத் தேத்தண்ணியில் தெரியாமல் கலந்து கொடுக்கச் சொல்வார்கள். செய்யாதீர்கள். அதற்கு மேல் சாராயம் போனால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்து, வாந்தி எடுத்து, பிரசர் இறங்கி ஆளே போய்விடலாம். வைத்தியர் கொடுத்து, அவரே தெரிந்து விழுங்க வேண்டிய மருந்து அது.

உங்களுக்கும் ஒரு ஆள் தேவைப்படும். அந்த உத்தியோகத்தரிடம் போகும்போது கணவருக்காக என்று மட்டும் சொல்லாமல் உங்கள் நித்திரையைப் பற்றியும் சொல்லுங்கள்.

அடுத்த கிளினிக் நாளில் ஒரு மணித்தியாலம் முந்திப் போய், அவரை வெளி வாங்கில் இருக்க வையுங்கள். நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டாம், கன்டீனுக்குப் போய்விடுங்கள்.