ஏழெட்டு எவ்வளவு?

வணக்கம் மேடம்,

நாங்கள் மதுரையில் இருக்கிறோம். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 6. இரண்டு வருஷம் முன்பு மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்கவைக்கிறேன். சின்னவன் பள்ளிக்கே போனதில்லை. இதற்காக நான் பார்த்த வேலையையும் விட்டுவிட்டேன்.

மற்ற நாட்கள் எப்படியோ ஓடிவிடும். ஏப்ரல் கடைசி வந்தால்தான் வயிற்றில் புளியைக் கரைக்கும். தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் லீவு. எங்கள் கணக்குப் புத்தகமோ பாதிகூடத் தாண்டவில்லை. அதனால் லீவு விட மனசு வரவில்லை.

போன வாரம் நாத்தனார் குடும்பத்தோடு வந்திருந்தார். அவர் வீட்டுக்காரர், எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது, "ஏழெட்டு எவ்வளவு, சொல்லு பார்ப்போம்" என்று மகளிடம் கேட்டார். அவளுக்குத் தெரியும். ஆனால் வாயே திறக்கவில்லை, என்னையே பார்த்தாள். "வருஷம் முழுக்க லீவுதானே" என்று சிரித்தார்கள். அன்று ராத்திரி பத்து மணிவரை அவளை எட்டாம் வாய்ப்பாடு எழுதவைத்தேன். அழுதுகொண்டே, "நானும் ஸ்கூலுக்கே போறேம்மா, அங்கதான் லீவு விடுவாங்க" என்றாள்.

அதிலிருந்து விடிகாலை மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது. தப்பு செய்துவிட்டேனா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் சொன்னதில் எனக்கு 'லீவு' என்ற சொல்தான் பெரிதாகக் கேட்டது. முதலில் அதைக் கொடுத்துவிடுங்கள். கத்திரி வெயில் முடியும்வரை கணக்குப் புத்தகத்தைப் பரணில் போடுங்கள். பள்ளிக்கூடத்தில் டீச்சருக்கும் லீவு உண்டு. உங்கள் வீட்டில் டீச்சர், ஹெட்மாஸ்டர், சமையல்காரம்மா எல்லாம் ஒரே ஆள்.

ஏழெட்டு தெரிந்தவள் ஏன் சொல்லவில்லை? பத்துப் பேர் பார்க்கும்போது பயம் வந்தால் தெரிந்ததும் நாக்கில் வராது. பெரியவர்களுக்கே இன்டர்வியூவில் சொந்த ஊர்ப் பெயர் மறந்துபோகும். அவள் திரும்பி உங்கள் முகத்தைப் பார்த்தாளே, அதை நான் விடமாட்டேன். அங்கே அவள் கண்டது உங்கள் பயத்தை. ராத்திரி நீங்கள் வாய்ப்பாடு எழுதவைத்தது உண்மையில் யாருக்குப் பதில் சொல்ல?

இனி அந்தக் கேள்விக்குப் பதில் உங்கள் வீட்டுக்காரர் சொல்லட்டும், அவர் பக்கத்து உறவுதானே. "மே மாசம் நாங்க பாடம் எடுக்கிறதில்லை, மாப்பிள்ளை" என்றால் போதும், விளக்கமே வேண்டாம். அப்புறம், வாரத்தில் ஒரு நாளாவது பிள்ளைகளை அவர் பொறுப்பில் விட்டுவிட்டு வெளியே போய் வாருங்கள். போன இடத்தில் பாடப்புத்தகம் வாங்கிவிடாதீர்கள்!

பிள்ளைகளை என்ன செய்வது என்று திகைக்க வேண்டாம். நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. உச்சிவெயில் நேரத்துக்கு அதைவிட நல்ல நிழல் வேறில்லை. வீட்டில் படிக்க, பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. சின்னவனுக்குப் படங்களே போதும். கைவேலைக்கு, தூக்கிப்போடும் பொருட்களில் பொம்மை செய்யக் கற்றுத்தரும் அரவிந்த் குப்தாவின் பொம்மைகளைச் செய்து பார்க்கலாம், தீக்குச்சியும் பழைய சைக்கிள் வால்வ் டியூபும்தான் செலவு.

கணக்கு கைவிட்டுப் போய்விடுமோ என்றால், நுங்கு வாங்குங்கள். ஒரு காய்க்கு மூன்று கண் என்பார்கள். ஏழு காய்க்கு எத்தனை என்று மகள் முதலில் சொல்லட்டும், பிறகு வெட்டி எண்ணட்டும். சிலதில் இரண்டு கண்தான் இருக்கும், கணக்கு உதைக்கும். ஏன் உதைத்தது என்று அவள் சண்டைக்கு வந்தால் அன்றைய பாடம் முடிந்தது. நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம்.

ஜூனில், சண்டை இல்லாத ஒரு நாளில், பள்ளிக்குப் போக உண்மையிலேயே ஆசையா என்று அவளிடம் கேளுங்கள். ஆமாம் என்றால் அது உங்கள் தோல்வி ஆகாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வழி இருக்கிறது. வீட்டிலேயே தொடர்ந்தாலும் கதவு மூடிவிடாது. 14 வயது முடிந்தால் தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதலாம், தமிழிலேயே எழுதலாம். ஆக, இந்த மே மாதத்தில் தீர்மானிக்க வேண்டியது ஒன்றுமில்லை.

மூன்று மணி முழிப்பை மட்டும் லேசாக விட வேண்டாம். லீவு விட்டு இரண்டு வாரம் ஆகியும் தூக்கம் சரியாகவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். அதற்கு முன்பே பேச வேண்டும்போல் இருந்தால் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் எடுப்பார்கள், கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.

அந்த ராத்திரிக்காக மகளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டீர்களா? இல்லையென்றால் இன்றே கேளுங்கள். "அம்மாவுக்கு அன்னிக்குப் பயமா இருந்துச்சு" என்று மட்டும் சொல்லுங்கள். "ஆனாலும் நீ" என்று தொடங்கிவிடாதீர்கள்.