கல்வெட்டு நின்ற இடத்திலிருந்து

அன்புள்ள ஐயா,

புத்தாண்டு விடுமுறையில் எங்கள் பகுதித் தியேட்டரில் மறுவெளியீடாக வந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ பார்த்தேன். 2010 பொங்கலுக்கு வந்தபோது பார்க்கவில்லை. இடைவேளை வரை நடராஜர் நிழல், பாம்புகள் என்று உற்சாகமாகப் போனது. பட்டினி கிடக்கும் சோழர்கள் வந்ததும் மனம் கனத்துவிட்டது. வரலாறு என்றால் இது பொய். மாயக்கதை என்றால் ஏன் இத்தனை வலி? பன்னிரண்டு வயது மகனை அழைத்துப் போகலாமா?

ஆர்., விருகம்பாக்கம்

அன்புள்ள ஆர்.,

கடைசிச் சோழ மன்னனான மூன்றாம் ராஜேந்திர சோழனின் கல்வெட்டுகள் 1279-உடன் நின்றுவிடுகின்றன. மன்னனின் வெற்றிகளை மெய்க்கீர்த்தியாகப் பாடியவை அவை. கோயிலுக்கு விட்ட நிலத்தையும் நுந்தா விளக்குக்கு (அணையாமல் எரியும் கோயில் விளக்கு) அளித்த ஆடுகளையும் கணக்குப் பிசகாமல் பொறித்து வைத்தவை. தோற்றுப்போன குடிகள் எங்கே ஓடினார்கள், எதைத் தின்று உயிர் வாழ்ந்தார்கள் என்பதற்கு அவற்றில் ஒரு வரி கிடையாது. படத்தின் இயக்குநர் செல்வராகவன் அதே 1279-இல்தான் கதையைத் தொடங்குகிறார். நாட்டை இழந்த சோழர்கள் தங்கள் இளவரசனைக் கடல் கடந்து ஒளித்து வைக்கிறார்கள். அவன் வழிவந்தவர்கள் தாய்நாட்டிலிருந்து வரப்போகும் தூதனுக்காகத் தலைமுறை தலைமுறையாகக் காத்திருக்கிறார்கள். ஆவணம் கைவிட்ட மனிதர்களைப் பற்றிய கற்பனை இது. இதைப் பொய் என்று என்னால் சொல்ல முடியாது.

வலியும் அங்கிருந்துதான் வருகிறது. நம் பாட்டிகள் சொன்ன கதைகளில் ஏழு கடல், ஏழு மலை தாண்டியவனுக்கு இளவரசியும் பாதி ராஜ்ஜியமும் கிடைக்கும். இங்கே சுமை தூக்கிப் பிழைக்கும் ஒருவன் எல்லா ஆபத்துகளையும் தாண்டிப் போய்ச் சேருகிறான். அவனுக்குக் கிடைப்பது ஒரு கூட்டத்தின் பசி. அவர்களுடைய நம்பிக்கை முழுவதும் அவன் தலையில் ஏறுகிறது. மக்களுக்குச் சோறு போட வழியில்லாத அரசனாகப் பார்த்திபன் நிற்கும் காட்சிகளைத் தமிழ் சினிமாவின் மிகச் சிறந்த தருணங்களில் வைப்பேன். அவருடைய பழந்தமிழ் நமக்குப் பாதிதான் பிடிபடுகிறது. ஆனாலும் அந்தக் குரலில் இருக்கும் அதிகாரமும் அவமானமும் தியேட்டர் இருட்டில் நேராக நெஞ்சுக்கு வருகின்றன. கைபேசியில் பார்ப்பவர் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போய்விடலாம். நீங்கள் எழவில்லை, அதற்காக மகிழ்கிறேன்.

குறைகள் உண்டு. முற்பகுதியின் கிராபிக்ஸ் பலவீனமானது. இறுதியில் ராணுவம் நுழைந்தபின் வரும் கொடூரம் தேவைக்கு மேல் நீள்கிறது.

அதனாலேயே மகனை இப்போது அழைத்துப் போக வேண்டாம். அவனுக்கு முதலில் 1957-இல் வந்த ‘மாயா பஜார்’ படத்தைக் காட்டுங்கள். ரங்கா ராவின் கடோத்கஜன் கல்யாண விருந்தைத் தனியாளாகத் தின்று தீர்க்கும் காட்சியில், மார்கஸ் பார்ட்லியின் கேமரா முன்னால் பண்டங்கள் தாமாகவே அவன் வாயை நோக்கிப் பறக்கும். கணினி இல்லாத காலத்தில் இதை எப்படி எடுத்திருப்பார்கள் என்று அவன் கட்டாயம் கேட்பான். அவனையே யோசிக்க விடுங்கள்.